அளவுச் சட்டை ஒன்று தேடுங்கள்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 22. உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவர். புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் வேலை. காலையில் போனால் இரவு ஏழு மணிக்குத்தான் வீடு. வகுப்புக்குப் போக நேரமும் இல்லை, காசும் இல்லை. எக்ஸெல், சிங்களம், ஆங்கிலம் மூன்றையும் தானாகவே படிக்க ஆசைப்படுகிறார். இரண்டு வருடத்தில் மூன்று தடவை தொடங்கி, மூன்று தடவையும் விட்டுவிட்டாராம். "எனக்கு மன உறுதி இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள். முடியும் என்று நம்பினால் முடியும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். நம்பித்தான் தொடங்குகிறேன். மூன்றாவது கிழமை அந்த நம்பிக்கை போய்விடுகிறது. அதை எப்படி வளர்ப்பது? மூன்றில் எதை முதலில் தொடங்குவது?" இதுதான் கேள்வி.

தம்பி, மூன்று தடவை தொடங்கிய ஒருவரைப் பார்த்து மன உறுதி இல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நாள் முழுக்க நின்று துணிக்கட்டு பிரித்து, பில் எழுதி, அந்தக் களைப்போடு வந்து கொப்பியைத் திறப்பதற்கே ஒரு உறுதி வேண்டும். அது உங்களிடம் இருக்கிறது. இல்லாதது வேறொன்று. அதைச் சொல்ல என் தையல் கதையிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1998இல் வெள்ளவத்தைக்கு வந்தேன். அப்போது வயது 24. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் அண்ணா குடும்பத்தோடு இரண்டு அறை வீடு. அண்ணியிடம் ஒரு மிதி மெஷின் இருந்தது. சேலைச் சட்டை தைத்துக் கொடுத்தால் நாலு காசு வரும் என்று ஒரு தையல் வகுப்பில் சேர்ந்தேன். இரண்டு மாதக் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவது கிழமை வகுப்பு நின்றுபோனது, காசும் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு நானாகவே தொடங்கினேன். மார்புச் சுற்றளவை நாலாகப் பிரி, அதோடு இவ்வளவு கூட்டு, கைக்குழிக்கு இவ்வளவு இறக்கு என்று படத்தோடு போட்டிருந்தார்கள். சொன்னபடி வெட்டினேன், சொன்னபடி தைத்தேன். முதல் நாலு சட்டையும் எனக்கே பொருந்தவில்லை. ஒன்று தோளில் இழுத்தது. ஒன்று கக்கத்தில் சுருங்கியது. ஏன் என்று தெரியவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் என் சட்டையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! ஐந்தாவது துணியை வெட்டாமல் மடித்து வைத்துவிட்டு, எனக்குக் கை வராது என்று முடிவு கட்டினேன். நீங்கள் சொல்லும் அந்த மூன்றாவது கிழமை எனக்கும் வந்தது.

சில மாதம் கழித்து மேல்மாடி அன்ரி ஒருவர் துணி ஒன்றும் கூடவே ஒரு அளவுச் சட்டையும் கொண்டு வந்தார். டெய்லரிடம் போகும்போது உடம்புக்கு நன்றாகப் பொருந்துகிற பழைய சட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார்களே, அதுதான் அளவுச் சட்டை. நான் இப்போது தைப்பதில்லை என்று சொன்னேன். ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்ததும் ஒரு யோசனை வந்தது. இனி உடுக்க முடியாதபடி கிழிந்துபோன ஒன்று இருந்தால் தருவீர்களா என்று கேட்டேன். தந்தார். அன்றிரவு அதன் தையல் முழுவதையும் பிளேடால் பிரித்தேன். துண்டுகளை அயன் பண்ணி, பிரவுண் பேப்பரில் வைத்து, ஓரத்தைச் சுற்றி வரைந்தேன்.

அந்த இரவு தெரிந்துகொண்டதை இத்தனை வருடம் கழித்தும் வரிசையாகச் சொல்லுவேன். முன் துண்டும் பின் துண்டும் ஒரே வெட்டு என்று நினைத்திருந்தேன். இல்லை. கையின் மேல் வளைவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதுவும் இல்லை, முன்பக்கம் கூடுதலாகக் குடைந்திருந்தது. டார்ட் என்பது உடம்பின் வளைவுக்கு ஏற்றபடி துணியை மடித்துத் தைக்கும் இடம். புத்தகத்தில் அது எனக்கு வெறும் கோடாகத்தான் தெரிந்தது. பிரித்த துணியில் அதன் மடிப்பு எவ்வளவு ஆழம், நுனி எங்கே முடிகிறது என்று பழைய தையல் தடமே காட்டியது. அப்புறம் அந்தப் பேப்பரை வைத்து ஒரு பழைய படுக்கை விரிப்பில் வெட்டித் தைத்து, அன்ரியின் நல்ல சட்டையின் மேல் விரித்து வைத்துப் பார்த்தேன். கழுத்து அரை இஞ்சி அகலமாக இருந்தது. அவிழ்த்துத் திரும்பத் தைத்தேன். இரண்டாவது தடவை தோள் இறங்கியது. மூன்றாவது தடவை இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து நின்றன.

அதன் பிறகு நான் தையலை விட்டதே இல்லை. என் மன உறுதி அந்த ஒரு கிழமைக்குள் வளர்ந்துவிட்டதா? அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிழை எங்கே இருக்கிறது, எத்தனை இஞ்சி என்று தெரிய ஆரம்பித்தது. தெரிந்த பிழையைத் திருத்தாமல் படுக்க மனம் வருவதில்லை. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அதுதான் விடாமுயற்சியாகத் தெரிந்தது.

பிறகு 12 வருடமாக நான் பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் எனக்கு விளங்கிய ஒன்றைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் ஆசிரியர் பாடம் சொல்கிறார், திருத்தவும் செய்கிறார். பாடம் இன்று கைபேசியில் கொட்டிக் கிடக்கிறது, காசில்லாமல், தமிழிலேயே. திருத்துகிற கை மட்டும் அதோடு வருவதில்லை. வீடியோ உங்கள் வேலையைத் திரும்பிப் பார்க்காது. ஒரு மாதம் படித்தும் முன்னேறினேனா இல்லையா என்று தெரியாமல் இருட்டில் நடந்தால் யாருடைய நம்பிக்கையும் மூன்று கிழமைக்கு மேல் தாங்காது. அது உங்கள் குணத்தில் உள்ள குறை என்று எண்ணாதீர்கள். தனியே படிக்கத் தொடங்கும்போது எந்தப் புத்தகம், எந்த வீடியோ என்று முதலில் தேடுகிறோம். அதற்கு முன் நான் செய்வது சரியா பிழையா என்று எனக்கு எது சொல்லும் என்று தேட வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு அளவுச் சட்டை எங்கோ இருக்கத்தான் செய்கிறது.

உங்கள் எக்ஸெலுக்கு அது உங்கள் கடையிலேயே இருக்கிறது. புறக்கோட்டை மொத்த வியாபாரம் கடனிலும் பின்திகதியிட்ட காசோலையிலும் ஓடுவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். உங்கள் முதலாளியும் ஒரு கடன் புத்தகம் வைத்திருப்பார். போன மாதத்தின் பக்கங்களைப் பயிற்சிக்கு எடுக்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். கேட்காமல் எடுக்க வேண்டாம், அது அவருடைய வியாபாரம். சம்மதித்தால் கடைகளின் பெயரை மட்டும் மாற்றி, திகதி, கடை, பில் இலக்கம், தொகை, கிடைத்த காசு, காசோலைத் திகதி என்று ஆறு நிரலில் அடியுங்கள். கடைசியில் கூட்டுத்தொகை போடுங்கள். புத்தகத்தில் முதலாளி கையால் கூட்டி எழுதிய தொகை இருக்கிறதே, அதுதான் உங்கள் அளவுச் சட்டை. கணினி இல்லையென்றால் கைபேசியிலும் தொடங்கலாம். கணினி இருந்து எக்ஸெல் இல்லையென்றால், லிப்ரே ஆஃபீஸ் என்ற மென்பொருள் இலவசம். அதில் உள்ள கணக்குத் தாளில் இந்த வேலைகள் எல்லாம் ஏறக்குறைய இதே மாதிரித்தான்.

முதல் தடவை கூட்டுத்தொகை சரிவராது. சரிவராத அந்த இடத்தில்தான் படிப்பு இருக்கிறது. தேடிப் பார்த்தால், ஒரு தொகைக்கு முன்னால் ரூபா என்று எழுத்தில் அடித்திருப்பீர்கள். எக்ஸெல் அதை எண்ணாக எடுக்காமல் எழுத்தாக எடுத்துக்கொண்டு, கூட்டும்போது தாண்டிப் போயிருக்கும். நாம் வேறு ஒழுங்கு செய்யாவிட்டால் எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் நிற்கும். அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

திகதியிலும் ஒரு பொறி உண்டு. நாம் நாளை முதலில் எழுதி மாதத்தைப் பிறகு எழுதுவோம். கணினி அமெரிக்க முறைக்கு அமைத்திருந்தால் மாதத்தை முதலில் எடுக்கும். ஆகஸ்ட் 5 என்று நினைத்து 5/8 என்று அடித்தால் அது மே 8 ஆகிவிடும். 13/8 என்று அடித்தால் 13ஆவது மாதம் இல்லாததால் அதை எழுத்தாகவே விட்டுவிடும். காசோலை எந்த நாளில் வங்கிக்குப் போக வேண்டும் என்று வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பிக் கிடக்கும். ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்கிற அந்த ஒரு மணித்தியாலத்தில் பத்து வீடியோவில் கிடைக்காத ஒன்று கிடைக்கும்.

கூட்டல் சரிவந்த பிறகு, ஒவ்வொரு கடையும் எவ்வளவு தர வேண்டும் என்று தனித்தனியே எடுங்கள். அதற்கு சம்இஃப் (SUMIF) என்ற சூத்திரம். ஒரே கடையின் பெயரை இரண்டு விதமாக அடித்திருந்தால் அது இரண்டு கடை என்று காட்டும், அந்தப் பிழையும் தானாக வெளியே வரும். அப்புறம் இன்னும் ஏழு நாளில் திகதி வரும் காசோலைகள் மட்டும் நிறம் மாறித் தெரியும்படி செய்யுங்கள். கடைசியாக பிவட் டேபிள், அதாவது நீண்ட பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் அட்டவணை. இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு படியும் கடைக்கு உண்மையிலேயே தேவையான ஒன்றாக இருக்கும். கையால் எழுதிய புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும்.

சிங்களத்துக்கு அளவுச் சட்டை மனிதர்கள்தான். நான் வந்த காலத்தில் சிங்களம் தெரியாமல் கொழும்பில் நடமாடுவது எப்படி இருந்தது என்று அன்று வந்தவர்களுக்குத் தெரியும். எனக்குப் பள்ளிக்கூடம் 100ஆம் இலக்க பஸ். பொத்தான், நூல் வாங்க வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்குக் கிழமைக்கு இரண்டு தடவை போவேன். பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, காலிமுகத்திடல் என்று பஸ் போகும்போது ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போவேன். இறங்கும்போது கொண்டக்டரிடம் அதைச் சொல்லுவேன். அவர் பேசாமல் மணியடித்தால் நான் சொன்னது சரி. "மொகக்த?" என்று திருப்பிக் கேட்டால் எங்கோ பிழை. இதைவிட நேர்மையான பரீட்சை எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

தமிழருக்குச் சிங்களத்தில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் உண்டு. சொற்களின் வரிசை பெரும்பாலும் நம்முடையதுதான். "மம ஹெட்ட கெதர யனவா" என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "நான் நாளைக்கு வீட்டுக்குப் போகிறேன்." பேச்சில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதும் இல்லை. நான், நீங்கள், அவர்கள் எல்லாருக்கும் அதே "யனவா"தான். எழுத்துச் சிங்களம் வேறு, அங்கே மாறும். பேச மட்டும் தொடங்குபவர் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொல்லை ஒலியில் வரும். மரத்தின் தண்டுக்கும் மலைக்கும் உள்ள சிங்களச் சொற்கள் இரண்டையும் தமிழில் எழுதினால் "கந்த" என்றுதான் வரும். சிங்களக் காதுக்கு அவை வேறு வேறு. ஒன்றில் "ந்" பாதி ஒலியாக நழுவிப் போகும், மற்றதில் முழுதாக நிற்கும். ஆகவே தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் படித்தால் வாய் தவறான தடத்தில் பழகிவிடும். சிங்கள எழுத்தையும் முதல் மாதத்திலேயே படித்துவிடுங்கள். பஸ் பலகையும் கடைப் பலகையும் மூன்று மொழியிலும் இருக்கும் நகரத்தில் இருக்கிறீர்கள், தமிழ் வரியே உங்களுக்கு விடைத்தாள். கடையில் வாடிக்கையாளருக்கு "தெசிய பனஹ" என்று விலை சொல்லுங்கள். அவர் 250 ரூபாவை எடுத்து நீட்டினால் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

ஆங்கிலத்துக்கு நான் சொல்லக்கூடியது குறைவு, என் ஆங்கிலம் அளவானதுதான். ஆனால் பெஞ்சமின் பிராங்கிளின் தன் சுயசரிதையில் எழுதிய ஒரு முறை இருக்கிறது. பத்து வயதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், 12 வயதில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்த பையன் அவர். நல்ல கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சின்னக் குறிப்பு எழுதிக்கொள்வார். சில நாள் கழித்து, மூலத்தைப் பார்க்காமல் அந்தக் குறிப்பிலிருந்து கட்டுரையைத் தன் சொல்லில் திரும்ப எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தன் பிழைகளைத் திருத்துவார். அதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அவரும் சட்டையைப் பிரித்துத் தைத்திருக்கிறார்! ஆங்கிலச் செய்தியில் ஐந்து வரிப் பந்தி ஒன்றை எடுத்து நீங்களும் இதைச் செய்யலாம்.

இனி நம்பிக்கையைப் பற்றி. அதைத்தானே முதலில் கேட்டீர்கள்.

நல்லதை நினை, நடக்கும் என்பது நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் சொல். அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்த விதமான நினைப்பு என்பதில் வித்தியாசம் இருக்கிறது. கப்ரியேல் எட்டிங்கன் என்ற உளவியலாளர் 1991இல் இன்னொருவரோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். உடல் எடையைக் குறைக்கும் திட்டத்தில் சேர்ந்த 25 பெண்களை ஒரு வருடம் கவனித்தார்கள். என்னால் இது முடியும் என்று எதிர்பார்த்தவர்கள் கூடுதலாக எடை குறைந்தார்கள். மெலிந்த பிறகு எப்படி இருப்பேன் என்று இனிய கனவுகளில் மிதந்தவர்கள் குறைவாகவே குறைந்தார்கள். இரண்டையும் நாம் பாசிட்டிவ் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். எக்ஸெல் படித்து பெரிய கம்பனியில் குளிரூட்டிய அறையில் இருப்பதாக இரவில் கற்பனை செய்வது இரண்டாவது வகை. போன கிழமை மூன்று பிழை கண்டுபிடித்தேன், இந்தக் கிழமையும் கண்டுபிடிப்பேன் என்பது முதலாவது வகை. முதலாவதைச் சும்மா உட்கார்ந்து மனதில் வளர்க்க முடியாது. செய்து பார்த்த வேலையிலிருந்துதான் அது வரும். அதனால்தான் நம்பிக்கையை எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு இவ்வளவு நேரமும் கடன் புத்தகத்தையும் கொண்டக்டரையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் விளங்குகிற மாதிரி இருக்கும். மறுநாள் கை ஓடாது. இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2006இல் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்து, ஒரு பகுதியினரைத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றவர்களைப் படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு கிழமை கழித்துச் சோதித்தால் நினைவிலிருந்து எழுதியவர்களிடம் 56 வீதம் மிஞ்சியிருந்தது, திரும்பப் படித்தவர்களிடம் 42 வீதம். ஆகவே பத்து நிமிட வீடியோ பார்த்தால், கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே வேலையைப் பார்க்காமல் செய்யுங்கள். எங்கே நின்றுபோனீர்களோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் போய்ப் பாருங்கள். இப்படிச் செய்தால் மெதுவாகப் போவது போல இருக்கும், சலிப்பாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது கிழமை விசயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 21 நாள் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சிறு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வர நடுவாக 66 நாள் எடுத்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை. தண்ணீர் குடிப்பது, கொஞ்சம் நடப்பது போன்ற எளிய பழக்கங்களுக்கே இந்தக் கணக்கு. நீங்கள் 21ஆம் நாளில் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று பார்த்து, நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்திருக்கிறீர்கள். பாதி வழிகூட வந்திருக்கவில்லை, தம்பி. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஒன்றும் ஏற்படவில்லை. போயா நாளில் ஊருக்குப் போனீர்களா, காய்ச்சலா, விடுங்கள். அடுத்த நாள் வந்து உட்காருங்கள்.

எத்தனை மணிக்கு என்று கேட்டால், இரவு வேண்டாம் என்பேன். களைத்த உடம்போடு சண்டை பிடிப்பதில் உள்ள உறுதியும் தீர்ந்துவிடும். காலையில் தேத்தண்ணி குடித்த கையோடு 25 நிமிடம். மேசையில் நேற்று நின்ற பக்கம் திறந்தபடியே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணித்தியாலம். வீட்டில் சத்தம் என்றால் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. 1942இல் தொடங்கிய சங்கம் அது. நான் பல மதியங்களை அங்கேதான் கழித்தேன். உங்களுக்குக் கொஞ்சம் தூரம். கொழும்பு பொது நூலகமும் இருக்கிறது.

கொழும்பு 7இல் பொது நூலகத்துக்கு நடந்துபோகும்போதெல்லாம் ஆனந்த குமாரசுவாமி மாவத்தை என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து நிற்பேன். 1877இல் கொழும்பில் பிறந்த தமிழர் வழி வந்தவர். படித்தது மண்ணியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமவள ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கல்லைத் தேடி ஊர் ஊராகப் போனவர் அங்கே கைவினைஞர்களின் வேலையைக் கண்டார். கலை வரலாறு அவர் பட்டம் எடுத்த துறை இல்லை. ஆனால் 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் வந்துவிட்டது, பிறகு பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பல வருடம் பணியாற்றினார். அவருக்கு இருந்த வசதியும் ஆங்கிலப் படிப்பும் உங்களுக்கும் எனக்கும் இல்லை என்பது உண்மைதான், அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனாலும் செய்த பொருளையும் செய்தவரையும் நேரே பார்த்துப் பார்த்துக் கற்ற அந்த வழி எல்லாருக்கும் திறந்தது.

நானாகவே கற்றேன் என்று சொன்னாலும், முழுக்கத் தனியே இல்லை. வெள்ளவத்தைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டெய்லர் நானா இருந்தார். அன்ரிக்குப் பிறகு எனக்கு வந்த முதல் வெளி வேலை ஒரு காஞ்சிபுரச் சேலைத் துணி. பயத்தில் கைக்குழியை அதிகமாக வெட்டிவிட்டேன். பட்டுத் துணி, ஒட்ட முடியாது. அழுதுகொண்டே அவரிடம் கொண்டுபோனேன். அவர் திட்டவில்லை. சட்டையின் கைத் துண்டையும் உடல் துண்டையும் இரண்டு நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெட்டுறதுக்கு முந்தி லைனிங்ல வெட்டிப் போட்டுப் பாருங்க தங்கச்சி, லைனிங் போனா போகட்டும்" என்றார். பிறகு மிச்சத் துணியில் பட்டி வைத்து அதை மூடக் காட்டித் தந்தார். அதற்குப் பிறகு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு சட்டையோடு போய், இதில் என்ன பிழை என்று மட்டும் கேட்பேன். எனக்குத் தைக்கப் பழக்குங்கள் என்று கேட்டிருந்தால் அவருக்கு நேரம் இருந்திருக்காது. செய்து முடித்த ஒன்றை நீட்டி, இதில் என்ன பிழை என்று கேட்டால் தொழில் தெரிந்தவர் எவரும் ஐந்து நிமிடம் தருவார். உங்கள் கடைக்கு வரும் கணக்காளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிழை விட்டால் ஆளுக்கு ஆபத்து வரும் வேலைகளைத் தனியே பழக வேண்டாம். வீட்டு மின் இணைப்பு, எரிவாயு, மருந்து எல்லாம் அப்படித்தான். அவற்றில் அளவுச் சட்டை உங்களுக்குப் பிழையைச் சொல்லும்போது நேரம் கடந்திருக்கும்.

சான்றிதழ் இல்லாமல் யார் மதிப்பார்கள் என்ற பயமும் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இலங்கையில் தேசிய தொழிற் தகைமை என்ற முறை இருக்கிறது, ஏழு மட்டங்கள் கொண்டது. அதில் முன்கற்றலை அங்கீகரித்தல் என்று ஒரு வழி உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலையில் பழகியவர் தன் வேலையைச் செய்து காட்டி, மதிப்பீட்டாளர் பார்த்து, தகைமை பெறலாம். மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் இது நடக்கிறது. தையல், தச்சு போன்ற பல தொழில்களுக்கு இருக்கிறது. என்னிடம் பழகிய இரண்டு பிள்ளைகள் இந்த வழியில்தான் தங்கள் சான்றிதழை எடுத்தார்கள். செய்த வேலைகளின் படங்களையும் திகதிகளையும் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் சேர்த்து வையுங்கள், அங்கே கேட்பார்கள்.

மூன்றில் எது முதலில்? எக்ஸெல். மூன்றிலும் அதற்குத்தான் அளவுச் சட்டை மிக அருகில் இருக்கிறது, பிழையையும் அன்றைக்கே காட்டும். சிங்களத்தை இப்போது பாடமாகத் தொடங்க வேண்டாம், ஆனால் கடையில் நாளுக்கு ஒரு புது வாக்கியம் வாயில் வரட்டும். ஆங்கிலம் ஆறு மாதம் பொறுக்கட்டும். மூன்றையும் ஒன்றாகத் தொடங்கியதும் நீங்கள் மூன்று தடவை விட்டதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நாளைக்கு முதலாளியிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அடித்து, கூட்டி, புத்தகத்தோடு பாருங்கள். தொகை எவ்வளவு வித்தியாசம் வருகிறது, எந்த வரியில் என்று எனக்கு எழுதுங்கள்.